சின்னராசாவின் பத்தியம்

"யப்பா கண்டக்டரு, நிப்பாட்டு! நிப்பாட்டுங்கிறேன்!"

லிந்துலை டவுனுக்குள் நுழைந்துகொண்டிருந்த பஸ்ஸில் பேச்சியம்மா போட்ட சத்தத்துக்கு டிரைவர் பிரேக்கை மிதித்தே விட்டார்.

"பஸ் நிக்கிற ஹோல்ட்டுக்கு இன்னும் கொஞ்சத் தூரம் இருக்கேம்மா?"

"என் தாலி அந்தச் சாப்பாட்டுக் கடையில ஊசலாடிக்கிட்டு இருக்கு. நீ ஹோல்ட்டப் பத்திப் பேசுற!"

கடை வாசலோரத்து மேசையில் அவள் புருஷன் சின்னராசா. தட்டில் உளுந்து வடை ரெண்டு. மூன்றாவது வாயில். மூன்று மாதமாய் நெஞ்சு நோயாளி! 'கிளினிக்குல நம்பர் எடுக்கணும், நீ அடுத்த பஸ்ஸில வா புள்ள' என்று காலையில் அவசரமாய்க் கிளம்பி வந்தவர்.

அவள் போய் எதிரில் நின்றாள்.

"நல்லா இருக்கா?"

மனுசனுக்கு வடை தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"உப்பெல்லாம் போட்டிருக்கானா?"

"ம்... அளவாத்தான் போட்டிருக்கான்" என்று உளறி வைத்தார்.

பேச்சியம்மாவுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. வராதா பின்னே? மூன்று மாதத்துக்கு முந்தி தேயிலைத் தோட்டத்தில் எல்லாரையும், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் வரிசையாய் நிறுத்தி பிரஷர் பார்த்து, ரத்தம் எடுத்தார்கள். கிளினிக்கில் ரிசல்ட் கொடுத்த அன்றைக்கு அவளுக்குக் கொழுந்து மலையில் வேலை. பாதியில் இறங்கினால் அரைப்பேருதான் போடுவார்கள், பாதிச் சம்பளம் போய்விடும். அதனால் ஃபேக்டரியில் நைட் வேலை முடித்து வந்த சின்னராசாதான் ரெண்டு பேருடையதையும் வாங்கப் போனார். திரும்பி வந்தவர் முகம் செத்துப்போயிருந்தது.

"எனக்கு நெஞ்சு வருத்தம் வரப் பாக்குதாம் புள்ள. இப்பக்கி மாத்திரை வேணாமாம். பழக்கத்த மாத்தணுமாம்."

அன்று ஆரம்பித்தது சட்டம். அடேயப்பா, என்னா சட்டம்!

கருவாடு வீட்டுக்குள் வரக்கூடாது. குழம்பில் உப்பு பாதி, எண்ணெய் பாதி. தேத்தண்ணிக்குச் சீனி அரைக் கரண்டி.

"சரி, ஒங்களுக்குத் தனியாச் சமைக்கிறேன்."

"அய்யய்யோ, கூடாது! பக்கத்துல கருவாட்டு வாசம் வந்தா நெஞ்சு ஏங்கிப் போயிருமாம். டாக்டரு கண்டிசனாச் சொல்லிட்டாரு."

அவள் கடைசியாய்ச் சட்டி வழித்துச் சாப்பிடுகிறவள். அதுவும் ஆகாதாம். ரெண்டு பேரும் ஒன்றாய் உட்கார்ந்து, காய்கறியைச் சரிபாதியாய்ப் போட்டுச் சாப்பிட வேண்டுமாம். எல்லாவற்றுக்கும் மேலே, இருபத்தைந்து வருசமாய் வெற்றிலையோடு அவள் போடுகிற புகையிலை.

"அந்த நெடிதான் எனக்கு எமனாம்" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார் சின்னராசா.

தலை வலித்தது, கொழுந்து மலையில் எல்லாரோடும் எரிந்து விழுந்தாள். ஆனாலும் விட்டுவிட்டாள். பக்கத்து வீடுகளில் இருக்கிற லயத்துச் சனமே சொன்னது, "தன் உசுருக்காகப் பொண்டாட்டிய இந்தப் பாடு படுத்துறானே, சரியான சுயநலக்காரன்!" அவர்களோடு சண்டைக்குப் போனவளும் அவள்தான்.

இப்போது இங்கே வடை!

சட்டைக் காலரைப் பிடித்து இழுக்காத குறையாய்க் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் கஜேந்திரன் நிமிர்வதற்குள் பிடித்துக்கொண்டாள்.

"நீங்களே கேளுங்கய்யா! எண்ண வடை! அதுவும் மூணு! நான் வாயக் கட்டி, வயித்தக் கட்டிக் காப்பாத்துறேன், இவரு... மகளும் கொழும்புல இருக்கா. இந்த மனுசனும் போயிட்டா எனக்கு யாருங்கய்யா இருக்கா?" கடைசியில் அழுதே விட்டாள்.

டாக்டர் பிரஷர் பட்டியை எடுத்து அவள் கையில் சுற்றினார்.

"எனக்கு எதுக்குங்கய்யா? அவரப் பாருங்க."

"பேசாம இருங்கம்மா. பேசினா ஏறிக் காட்டும்."

பார்த்தார். நேற்று ரெண்டு பேருக்கும் எடுத்த ரத்தத்தின் ரிசல்ட்டையும் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"எல்லாமே நல்லா எறங்கியிருக்கு. சின்னராசா, கெட்டிக்காரர்தான். எப்பிடிங்க இவங்கள வழிக்குக் கொண்டாந்தீங்க?"

பேச்சியம்மா முழித்தாள். "யாருக்குங்கய்யா எறங்கியிருக்கு?"

டாக்டர் கிளினிக் கொப்பியின் அட்டையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். பேச்சியம்மா, வயது நாற்பத்தெட்டு என்று பெரிதாய் எழுதியிருந்தது.

"அப்ப... இவருக்கு?"

"அவருக்கு ஒண்ணும் இல்லையே. அன்னைக்கே எல்லாம் சரியாத்தான் இருந்திச்சி. ஏன், ஒங்ககிட்ட சொல்லலையா?"

அவள் மெதுவாய்ப் புருஷன் பக்கம் திரும்பினாள். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாய் முட்டிக்கொண்டு வந்தது.

"மூணு மாசமா நான் கும்பிடாத சாமி இல்ல. ஏன்யா எங்கிட்ட மறைச்சீங்க?"

சின்னராசா தலையைச் சொறிந்தார்.

"ஒனக்குன்னு சொல்லியிருந்தா, 'அட, எனக்கென்ன வந்திச்சி'ன்னு கூடையத் தூக்கிக்கிட்டு மலைக்குப் போயிருப்ப. எனக்குன்னு சொன்னதாலதானே புள்ள, நீ இத்தன நாளும் ஒன்னயப் பாத்துக்கிட்ட!"