மடக்கு நாற்காலி

"உட்காருங்க" என்றார் மேனேஜர் பரணீதரன். அறையில் அவர் உட்கார்ந்திருந்ததைத் தவிர வேறு நாற்காலி இல்லை. சுவரோரமாக ஒரு பலகை சாய்ந்திருந்தது, அவ்வளவுதான். மொபைல் ஆப்களை யாரும் தடுமாறாமல் பயன்படுத்தும்படி வடிவமைப்பது ஜெசிந்தாவின் தொழில். அந்த வேலைக்குத்தான் இந்த ஃபர்னிச்சர் கம்பெனிக்கு இன்டர்வியூவுக்கு வந்திருந்தாள். பழைய வேலை போய் ஏழு மாதமாகிறது.

"இதுலயா சார்?" என்று பலகையைக் காட்டினாள்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

அவளுக்குத் திக்கென்றது. புது ஆப்பைச் சோதிக்க ஆட்களை வரவழைக்கும்போது அவள் வழக்கமாகச் சொல்லும் அதே வாக்கியம். அவர்கள் எது கேட்டாலும் உதவக்கூடாது. எங்கே திணறுகிறார்கள் என்று எழுதிக்கொள்ள வேண்டும்.

அமுக்கினாள், இழுத்தாள், ஒரு நகம் உடைந்தது. பலகை சட்டென்று விரிந்து நாற்காலியானது. உட்கார்ந்தாள். அவர் ஏதோ எழுதினார்.

"நான் செஞ்ச டிசைன் எல்லாம் லேப்டாப்ல இருக்கு. காட்டட்டுமா?"

"காட்டணும்னு தோணுதா?"

"சார், இது இன்டர்வியூதானே?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

கடைசியில் அவர் எழுந்து, "உங்க நேரத்துக்கு ரொம்ப நன்றி" என்று ஒரு சாக்லேட் பெட்டியை நீட்டினார். சோதனைக்கு வந்தவர்களுக்கு அவளும் இப்படித்தான் ஏதாவது கொடுத்து அனுப்புவாள். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எந்தப் பக்கம் திறப்பதென்றே தெரியவில்லை.

அவர் மறுபடியும் பேனாவை எடுத்தார்.