ட்யூபுக்குள்ள ஒரு போல்ட்

பழைய பிக்கப்போட நசுங்கின முன்பக்கத்தை நிமித்தி முடிச்சதும் மெக்கானிக் இருதயம் இஞ்சின்லேர்ந்து பிரேக்குக்குப் போற வேக்கம் ட்யூபைத் தேடினான். அதைக் கழட்டி, அதோட வாயில ஒரு போல்ட்டைத் திணிச்சு வச்சிருந்துச்சு. காத்து கசியுற ட்யூபால இஞ்சின் துடிக்காம ஓடணும்னு ஃபோர்மேன் தாசண்ணன் எப்பவும் செய்ற வேலை. இஞ்சின் அடங்கிடும், ஆனா பிரேக் கல்லாயிடும், எவ்வளவு மிதிச்சாலும் வண்டி நிக்காது. இந்த வண்டியை ஓட்டிட்டுப் போய்த்தான் கூட வேலை செய்ற லாசர் இறக்கத்துல சுவத்துல மோதி, ஒரு கால் போய் லேபர் கேம்ப்புல கிடக்கான்.

"அங்க என்னடா நோண்டுற? லாசருக்கு ஓட்டத் தெரியல"ன்னார் தாசண்ணன், டீயை உறிஞ்சிக்கிட்டே.

இருதயம் போல்ட்டைப் பிடுங்கல. இன்னும் உள்ள அழுத்தினான். பானெட்டை அறைஞ்சு சாத்திட்டு சாவியை நீட்டினான்.

"உங்களுக்கு ஓட்டத் தெரியும்ல. அதே இறக்கத்துல ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்கண்ணே."

தாசண்ணன் டீ கிளாஸைக் கீழ வைக்கல. நீட்டின கையை இருதயமும் மடக்கல.