கிழமைதோறும் செல்லபாய்

இறந்துபோன செல்லபாய்க்குத் திங்கள் முதல் சனிவரை பொதிச்சோறு போய்க்கொண்டிருந்தது.

ஜிஜா கணினி நிரலை மறுபடியும் ஓட்டிப் பார்த்தாள். பிழையில்லை.

திருச்சபையின் மதிய உணவுத் திட்டத்துக்காக அவள் எழுதிய நிரல் அது. எந்தக் கிழமை எவர் வீட்டுக்குச் சோறு கொண்டுபோகிறார்கள் என்று ஊழியர்கள் ஆளுக்கொரு பட்டியல் தந்திருந்தனர். அவற்றை ஒரே பெரிய பட்டியலுக்குள் அடுக்கி, கிடைவரிசைகளை நெடுவரிசைகளாகப் புரட்டினால், கிழமைக்கொரு பட்டியல் கிடைத்துவிடும். பைத்தான் மொழியில் ஒரு வரி வேலை.

ஆள்வாரியாகப் பார்த்தபோது ஒவ்வொருவரிடமும் செல்லபாய் ஒருமுறைதான் இருந்தாள், கண்ணில் படவில்லை. புரட்டியதும் ஒரு நாள் தவறாமல் வந்து நின்றாள். அவளுடைய அடக்க ஆராதனையில் ஜிஜாவே பாடியிருக்கிறாள்.

ஊழியர்களில் மூத்தவளான புஷ்பபாயைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"மாமி, செல்லபாய் மாமி மரிச்சாச்சே. பின்னே சோறு யாருக்காக்கும்?"



"உனக்க புரோகிராம் பிழைச்சிருக்கும் மக்கா. அதைக் கிண்டாதே." தொடர்பு அறுந்தது.

சபைச் செயலர் எலியாவிடம் சொன்னபோது, அவருக்கு அந்தத் தயக்கம் இல்லை.

"களவாக்கும். மரிச்சவளுக்க பேரைச் சொல்லி எவனோ தின்னுதான். வா, கையோட பிடிப்போம்."

ரப்பர் தோட்டத்தின் கடைசியில் இருந்தது செல்லபாயின் வீடு. கதவில் பூட்டு. ஜன்னல் படியில் வாழையிலைப் பொதி, சூடு ஆறாமல். உச்சி வெயிலிலும் மரங்களுக்கிடையே இருட்டு. ஒரு காக்கைகூட அந்தச் சோற்றை அண்டவில்லை.

ஜன்னல் நான்கு விரற்கடை திறந்தது. வெளிறி மெலிந்த கை ஒன்று வெளியே வந்து, பொதியைத் தடவிப் பார்த்து, மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டது.

"ஸ்தோத்திரம்" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

 எலியா ஜன்னலைத் தள்ளித் திறந்தார்.

ஷாஜி. செல்லபாயின் மகன். குடித்துவிட்டு ஜீப் ஓட்டி, எலியாவின் ஒரே மகன் ஜிபினைக் கொன்று சிறைக்குப் போனவன். அவன் திரும்பி வந்தால் ஒருவரும் ஒரு பிடி சோறு கொடுக்கலாகாது என்று சபை நடுவே எழுந்து நின்று சொன்னவர் எலியா. அவருக்கு அஞ்சித்தான் ஊழியர்கள் ஆளுக்கொரு கிழமையாகப் பங்கிட்டு, தாயின் பேரில் மகனுக்குச் சோறு போட்டிருக்கிறார்கள்.

ஷாஜி பொதியைப் படியிலேயே திரும்ப வைத்தான்.

"அவங்களை ஒண்ணும் சொல்லாண்டாம். நான் எங்கயாவது போயிருதேன்."

எலியா திரும்பி நடந்தார். ஜிஜா பின்னால் ஓடினாள்.

"பேரை வெட்டணுமா மாமா?"

"வெட்டு. மரிச்சவ எப்பிடிச் சோறு தின்னுவா? சபையில பொய் நடக்கப்பிடாது."

"அப்போ ஷாஜி அண்ணன் பட்டினியாக்கும்."

எலியா நின்றார். அவளைப் பார்க்காமலே சொன்னார்:

"ஜிபினுக்க பங்குச் சோத்தை அவனுக்க அம்மை இப்பவும் தெனம் வெளம்பி மூடி வைக்குதாளாக்கும், மக்கா. நாளையிலிருந்து அதை நானே இங்க கொண்டு வாறேன்."