மோட்டாரைக் காணோம்!

ஊர்க் குடிநீர்த் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை யாரோ பட்டப்பகலில் கழற்றிக்கொண்டு போய்விட்டார்களாம்.

புதிதாக மாற்றலாகி வந்திருந்த இன்ஸ்பெக்டருக்கு ரத்தம் கொதித்தது. அதில் கடமை உணர்ச்சி கொஞ்சம். மிச்சமெல்லாம் வீட்டு விவகாரம். போலீஸ் குவார்ட்டர்ஸ் குழாய்க்கும் அந்தத் தொட்டிதான் கதி. "குழாயில தண்ணி விழற சத்தத்தை போன்லயே எனக்குக் கேக்க வைங்க. அன்னிக்குத்தான் பெட்டி கட்டுவேன்" என்று மனைவி அம்மா வீட்டிலிருந்து கறாராகச் சொல்லியிருந்தாள். அதுவரை அவரே சமைத்து, அதை அவரே சாப்பிடவும் வேண்டும். எந்தக் குற்றவாளிக்கும் இப்படி ஒரு தண்டனை கிடையாது.

புகார் கொடுத்த தண்ணீர்க் கமிட்டித் தலைவியின் வீட்டுக்குக் கான்ஸ்டபிளோடு போனார். பம்ப் ஆபரேட்டரும் அங்கேதான் இருந்தார். இருவர் முகத்திலும் பறிகொடுத்த வருத்தம் மருந்துக்கும் இல்லை.

"ரொம்ப அலையாதீங்க சார்," என்றார் தலைவி. "மோட்டார் கிடைக்கலைன்னு ஒரு சர்டிபிகேட் குடுத்தாப் போதும். நிதி ஆபீஸ்ல காட்டினா புது மோட்டாருக்குப் பணம் குடுத்துடுவாங்க."

"நான் இன்னும் தேடவே ஆரம்பிக்கலையேம்மா!"

"தேடினாலும் கிடைக்காது சார்," என்றார் ஆபரேட்டர் அவசரமாக.

இன்ஸ்பெக்டருக்கு மூக்கில் வியர்த்தது. மோட்டாரை விற்று ஒரு காசு, நிதி ஆபீஸில் கறந்து இன்னொரு காசு. முகத்தைப் பார்த்தால் பால் வடிகிறது! யோசித்தபடியே, மூலையில் போர்வை மூடிக் கிடந்த எதன்மேலோ உட்காரப் போனார்.

"அங்க வேண்டாம் சார், நாற்காலி இருக்கு!" இருவரும் சேர்ந்து பதறினார்கள்.

போலீஸ்காரரை உட்காராதே என்றால் கேட்பாரா? அழுத்தமாகவே உட்கார்ந்தார். எழுந்தபோது கான்ஸ்டபிள் காதருகே வந்தார்.

"சார்... பேன்ட்டுக்குப் பின்னாடி... கிரீஸ்."

போர்வையை இழுத்தார். மோட்டார் பல்லிளித்தது.

"நல்ல கமிட்டி! நல்ல தலைவி! இப்பவே கொண்டுபோய் மாட்டுங்க. சாயங்காலத்துக்குள்ள என் குழாயில தண்ணி வந்தாகணும்."

"மாட்டலாம் சார். ஓடாது," என்றார் ஆபரேட்டர். "எரிஞ்சு போய் எட்டு மாசமாச்சு."

தலைவிக்குக் கண் கலங்கிவிட்டது. கோபமும் சேர்ந்துகொண்டது.

"அந்த ஆபீசுக்கு நடையா நடந்துட்டேன் சார். புதுசாத் தொட்டி கட்டறியா, நிதி இருக்காம். திருடு போச்சா, அதுக்கும் இருக்காம். ரிப்பேருக்கு மட்டும் நிதியே கிடையாதாம். ஊரே குடத்தைத் தூக்கிட்டு வாய்க்காலுக்கு அலையுது. கெட்டுப்போனா காசு குடுக்க மாட்டேன்னா, பாவம் அந்த மோட்டார் காணாமப் போறதைத் தவிர வேற என்ன சார் பண்ணும்?"

"அதுக்காகப் போலீஸ்கிட்டயே பொய்ப் புகாரா? முதல் தடவைன்னு விடறேன். பொருள் கிடைச்சாச்சு, இனி சர்டிபிகேட் கிடையாது. இது ஸ்டேஷன்லயே இருக்கட்டும். வெளிய விட்டா மறுபடி தொலைச்சிடுவீங்க."

நாலு ஆட்களைப் பிடித்து மோட்டாரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். தலைவி அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நேர்மையான ஆளுங்க வந்தாலே இந்த ஊருக்கு விடியாதும்மா," என்று ஆபரேட்டர் வயிறெரிந்தார்.

மறுநாள் காலையில் ஜீப் மறுபடி வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் யார் முகத்தையும் பார்க்காமல் ஒரு காகிதத்தை நீட்டினார்.

"மானக்கேடான விஷயம்மா. ஸ்டேஷன்ல இருந்த மோட்டாரை ராத்திரி எவனோ தூக்கிட்டுப் போயிட்டான். இந்தாங்க, நீங்க கேட்ட சர்டிபிகேட்."

"ஐயையோ! ஸ்டேஷன்லயேவா? யார் சார் அது?"

"படு கெட்டிக்காரன். இந்த ஜென்மத்துல என்னால பிடிக்க முடியாது."

சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறப் போன இன்ஸ்பெக்டரும் கான்ஸ்டபிளும், இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரே நேரத்தில் "அம்மாடி!" என்று முனகினார்கள்.