திறந்திருக்கும் குழாய்

ஊக்கமருந்துச் சோதனைக் கழிப்பறையில் குழாய் திறந்தே கிடக்கிறது. தண்ணீர்ச் சத்தம் கேட்டால் சிறுநீர் வந்துவிடும் என்று பெண் சோதனை அதிகாரிதான் திறந்து வைத்திருக்கிறார். ஓட்டக்காரி குவளையைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள். வெள்ளை விளக்கொளி ஈரத்தரையில் நடுங்குகிறது. சீல் உடைக்காத பாட்டில்களாகப் பார்த்துப் பார்த்துக் குடித்து வயிறு குடம்போல் குலுங்குகிறது. ஒரு சொட்டு வரவில்லை. பந்தயம் முடிந்து பதக்கத்தோடு இங்கே நுழையும்போதுதான் அக்கா அவள் காதைக் கடித்தாள்: "காலையில மூக்கடைச்சுக்கிட்டுக் கெடந்தியே, உன் ஜூஸ்ல என் சளி மாத்திரைய ஒண்ணு பொடிச்சுப் போட்டேன்டி. எப்படிப் பறந்த பாத்தியா!" அது ஓட்டக்காரர்களுக்குத் தடை செய்த மாத்திரை என்பது அக்காவுக்குத் தெரியாது. கால் பிடித்துவிட, சமைத்துப்போட, தோற்றால் திட்டிச் சிரிக்கவைக்க, எல்லாவற்றுக்கும் அக்காதான். சொன்னால் அக்காவையும் விசாரிப்பார்கள். சொல்லாவிட்டால் குவளை சொல்லிவிடும். ஒருவேளை சொல்லாமலும் போகலாம். அந்த ஒருவேளையைத்தான் அவள் காலிக் குவளைக்குள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"என்னம்மா, ஓடுறப்ப இருந்த வேகத்த இங்க காணோமே?" கதவருகே நிற்கும் அதிகாரி சிரிக்கிறார். அவர் கண் மட்டும் குவளையை விட்டு நகரவில்லை.

"மேடம், அந்தக் குழாய மூடுங்க. முதல்ல உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

அதிகாரி குழாயை மூடுகிறார். அடங்கிய அறைக்குள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா போனில் பேசுவது தெளிவாகக் கேட்கிறது: "அம்மா, மெடல் இப்ப என் கழுத்துலதான் தொங்குது!"