ராணியை வெட்டக் கொடுத்தால்

"அச்சுக்கு அனுப்பிடாதே மச்சான், ஒரு நிமிஷம்."

சதுரங்கப் பலகையை மார்போடு அணைத்தபடி மூச்சிரைக்கப் படியேறி வந்தார் புதிர்க்காரர். வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கம் அவருடையது. அதைக் கம்ப்யூட்டரில் வடிவமைத்துக்கொண்டிருந்தவன் அவர் மனைவியின் தம்பி.

"எல்லாம் ரெடி அத்தான். போன வாரப் புதிரோட விடையை மட்டும் சொல்லுங்க. அச்சகத்துல கத்திக்கிட்டு இருக்காங்க."

"கத்தட்டும். அந்தப் புதிரை நீ போட்டுப் பார்த்தியா?"

"பக்கம் கட்டவே நேரம் பத்தலை. இதுல எங்கே போட்டுப் பார்க்கிறது?"

"இப்போ பாரு. வெள்ளை ஆட்டம். ரெண்டாவது நகர்த்தல்ல செக்மேட்."

டீ கிளாஸை ஒதுக்கிவிட்டுக் காய்களை அடுக்கினார். மச்சான் கன்னத்தில் கை வைத்துப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் முகம் மலர்ந்தது.

"ராணியை வெட்டக் கொடுத்திடணும். யானை வெட்டினா குதிரை மேட். மந்திரி வெட்டினா சிப்பாய் மேட். யாரும் தொடலைன்னா ராணியே மேட். என்ன அழகு அத்தான்."

"ஓரத்துல நிக்கிற கறுப்புச் சிப்பாய் ஒரு கட்டம் நகர்ந்தா?"

நகர்த்திப் பார்த்தான். சிப்பாய் விலகிய கட்டத்தில் ராஜாவுக்கு ஓட வழி கிடைத்துவிட்டது.

"சே, கவுத்துட்டீங்களே."

"சரி, வேற ஏதாவது தோணுதா? நல்லா யோசி."

"என்னை முட்டாளாக்கிப் பார்க்கிறதுல அவ்வளவு ஆசையா? அதுக்கு அக்கா ஒருத்தி பத்தாதா?"

கதவைத் தள்ளிக்கொண்டு பத்திரிகை ஆசிரியரம்மா வந்தார். கைநிறைய வாசகர் கடிதங்கள்.

"பொறின்னா இதுதான் சார் பொறி. அத்தனை பேரும் ராணி, ராணின்னே எழுதியிருக்காங்க. எல்லாமே தப்புன்னு நீங்க காலையில போன்ல சொன்னப்போ ஆடிப் போயிட்டேன். நானும் ராணியைத்தான் தூக்கினேன். உண்மையைச் சொல்லிடறேன், இந்த வாரத்தோட உங்க பக்கத்தை எடுத்துட்டு சமையல் குறிப்பு போடலாம்னு இருந்தேன். இனிமே அந்தப் பேச்சே இல்லை."

புதிர்க்காரர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்களும் இன்னொரு தடவை பாருங்களேன் மேடம். ராணியை விட்டுட்டு, வேற ஏதாவது..."

"அவரு விடமாட்டார் மேடம்," என்றான் மச்சான். "வந்ததுலேர்ந்து இதே வேலை."

"விளையாட்டெல்லாம் அப்புறம். மத்தவங்க வைக்கிற பொறியில எங்கேயாவது ஒரு கள்ளத்தனம் தெரிஞ்சிடும். வா, வந்து விழுன்னு கூப்பிடும். உங்களுதுல துளி சந்தேகம் வரலை. எப்படி சார்? அதையே ஒரு தொடரா எழுதுங்க. இப்போ விடை. முதல் நகர்த்தல் எது?"

அச்சகத்திலிருந்து மறுபடி போன் அடித்தது. மச்சான் எடுக்கவில்லை. விரல்களைக் கீபோர்டில் வைத்துக்கொண்டு அத்தானின் வாயையே பார்த்தான்.

புதிர்க்காரர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் பொறியே வைக்கலை மேடம். ராணிதான் விடைன்னு நம்பித்தான் புதிரைப் போட்டேன். அந்தச் சிப்பாய் இன்னிக்குக் காலையிலதான் என் கண்ல பட்டான்."