சத்தியநாதனின் நேர்காணல்

"கையைக் கட்டாதீங்கப்பா! அதைப் பார்த்தாலே எதிர்ல இருக்கறவங்களுக்குப் பயம் வந்துடும்."

சொன்னவள் மகள் சுஜி. இதற்காகவே பள்ளிக்கரணையிலிருந்து வந்திருந்தாள். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கட்டிலை விட்டு நகராத மனைவி ரத்தினபாய், உள்ளறையிலிருந்து காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஹாலில் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தவர் சத்தியநாதன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வீட்டில் இருந்தது இந்த மூவரே.

"கால் மேல கால் வேணாம். கொஞ்சம் முன்னாடி சாய்ஞ்சு உட்காருங்க. கண்ணைப் பார்த்துப் பேசுங்க, ஆனா முறைக்காதீங்க."

"நான் எங்க முறைச்சேன்? என் கண்ணே அப்படித்தான்."

"அப்ப லேசா சிரிங்க."

சிரித்தார்.

"ஐயோ, பல்லு வலிக்கிற மாதிரி இருக்குப்பா!"

"கர்த்தரே, இன்னிக்கு ஒரு நாள் இவர் வாயைக் காத்துக்கோங்க!" உள்ளேயிருந்து ரத்தினபாயின் ஜெபம் கேட்டது.

ஏற்கெனவே மூன்று நேர்காணல்கள் இந்தத் தோரணையாலேயே கெட்டிருந்தன. இதுவும் கைநழுவினால், மாடம்பாக்கம் வீட்டைப் பூட்டிவிட்டு மருமகன் ஜோனத்தான் வீட்டோடு போய் இருக்க வேண்டியதுதான். யார் வாசலிலும் போய் நிற்காத குடும்பம். நினைக்கும்போதே சத்தியநாதனுக்கு உடம்பு கூசியது. கட்டிய கையைப் பிரித்துத் தொடைமேல் வைத்தார்.

அழைப்பு மணி அடித்தது. வந்தவர் அருள்மேரி. சுஜி கெஞ்சிக் கேட்டதால் வீட்டுக்கே வரச் சம்மதித்திருந்தார். எதிர் நாற்காலியில் சாவகாசமாகச் சாய்ந்துகொண்டு, சத்தியநாதனை மேலும் கீழும் பார்த்தார்.

"முன்னாடி எதுவுமே சரிப்பட்டு வரலியாமே, ஏன் சார்?"

சத்தியநாதன் வாழ்நாளெல்லாம் கேள்வி கேட்டே பழகியவர். அவர் புருவம் மேலேறியது. சுஜி இருமினாள். புருவம் இறங்கியது.

"தப்பு என் பேர்லதான். பேசற விதம் சரியில்ல."

"கோவம் வருமா?"

"வரும். இப்ப குறைச்சுக்கிட்டு வர்றேன்."

"யாராச்சும் தெரியாம ஒரு தப்பு பண்ணிட்டா?"

"தனியா கூப்பிட்டு, மெதுவா சொல்வேன்."

"லீவு விஷயத்துல எப்படி?"

"ஒரு பிரச்சினையும் வராது."

சொல்லிவிட்டு உள்ளங்கை தெரிய முன்னால் சாய்ந்து, கண்ணைப் பார்த்து, லேசாகச் சிரித்தார்.

அருள்மேரி சற்று யோசித்தார். பிறகு எழுந்தார்.

"சரி சார். பார்த்தா நல்ல மனுஷராத்தான் தெரியறீங்க. திங்கக்கிழமைலேர்ந்து வெச்சுக்கலாம்."

"ஸ்தோத்திரம்!" என்றது உள்ளறை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும், சத்தியநாதன் பலரைப் பார்த்துக் கழித்துவிட்டு, கடைசியில் அருள்மேரியைத் தம் வீட்டுச் சமையலுக்குத் தேர்ந்தெடுத்துவிட்டார் என்று கோயில் வாசலில் பேசிக்கொண்டார்கள்.

அது தவறான செய்தி. தேர்ந்தெடுத்தவர் அருள்மேரி.